அன்டல்யால தங்கிட்டு ஒரு நாள் ட்ரிப்: எந்த இடிபாட்ட எந்த அருவியோட சேர்க்கலாம்?

வெயில்குடை:

வணக்கம் மக்களே. மே மாசக் கடைசில துருக்கி போறோம். இஸ்தான்புல், கப்படோக்கியா எல்லாம் இந்த தடவ வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு, நேரா அன்டல்யா தான், பழைய டவுன் காலெய்ச்சிக்குள்ள ஒரே ரூம், ஒரு வாரம், தினமும் காலைல கிளம்பி ராத்திரி திரும்புற மாதிரி. பெட்டிய திரும்பத் திரும்ப கட்டி அவுக்க எனக்கு தெம்பு இல்ல.

பிரச்சன என்னன்னா நாங்க நாலு பேரு, நாலு திசை. வீட்டுக்காரர் ரோமன் கல்லு ஒன்னு விடாம பாக்கணும்னு எக்செல்ல லிஸ்ட் போட்டு வெச்சிருக்கார், பெர்கே, ஆஸ்பெண்டோஸ், சிதே, தெர்மெஸ்ஸோஸ், மிரான்னு அது பாட்டுக்கு போகுது. பையனுக்கு 14 வயசு, "உடைஞ்ச தூண் ஒன்ன பாத்தா எல்லாத்தையும் பாத்த மாதிரி தானம்மா"ன்றான், அவனுக்கு தண்ணி இருக்கணும், குதிக்கணும். அத்தைக்கு 68, சமதரைல எங்கள விட நல்லா நடப்பாங்க ஆனா முட்டி வலி, படி ஏறினா அன்னிக்கு ராத்திரி முடிஞ்சுது, சுத்த சைவம் வேற. எனக்கு எதுனாலும் ஓகே, சண்ட இல்லாம இருந்தா போதும்.

கார் எடுக்கறதா, பஸ்ஸா, இல்ல டூர்காரங்க கூட போறதா? ஒரே நாள்ல எத எதோட சேர்க்கலாம்? அப்புறம் அவர் பாமுக்கலேவும் (வெள்ளை வெளேர்னு படிப்படியா தண்ணித் தொட்டிங்க இருக்கற மலை) ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறார், அது ஆகிற காரியமா?


தூண்பைத்தியம்:

உங்க வீட்டுக்காரர் நம்ம ஆளு, அவருக்கு என் வணக்கத்த சொல்லிடுங்க.

முதல்ல அந்த எக்செல்ல தூக்கி ஓரமா வெச்சுட்டு மேப்ப திறங்க. D400னு ஒரு ஹைவே கடலோரமா போகும், அன்டல்யால நின்னுகிட்டு கிழக்க பாத்தா பெர்கே, ஆஸ்பெண்டோஸ், சிதே எல்லாம் வரிசையா அந்த ரோட்ட ஒட்டி, மேற்க பாத்தா ஃபாஸெலிஸ், ஒலிம்போஸ், டெம்ரே (மிரா இடிபாடு இருக்கற ஊர்). தெர்மெஸ்ஸோஸ் தனியா வடமேற்குல மலை மேல. ஒரு நாளைக்கு ஒரு திசை, அத மட்டும் மீறாதீங்க. காலைல கிழக்க போயிட்டு மத்தியானம் மேற்க போனா நடுவுல அன்டல்யா ட்ராஃபிக்ல பாதி நாள் போயிடும்.

கிழக்குப் பக்கம் டூர்காரங்க எல்லாருமே பெர்கே, ஆஸ்பெண்டோஸ், சிதே, மானவ்காட் அருவின்னு நாலையும் ஒரே நாள்ல அடைப்பாங்க. அது வேண்டவே வேண்டாம், பெர்கேக்கு முக்கால் மணி நேரம் தான் குடுப்பாங்க, வாசல்லேர்ந்து நிம்ஃபேயம் (அலங்கார நீரூற்று மண்டபம்) வரைக்கும் நடக்கவே அது பத்தாது. ரெண்டு நாளா பிரிச்சுக்கங்க.

பெர்கே சிட்டிலேர்ந்து 17, 18 கிலோமீட்டர் தான், ட்ராம்லயே அக்சு வரைக்கும் போயி அங்கேர்ந்து ரெண்டு கிலோமீட்டர் நடந்துடலாம் (அத்தைக்கு டாக்சி வெச்சுக்கங்க). முக்கியமா மொத்தமும் சமதரை. நடுத்தெரு நெடுக தூண்கள், தெருவுக்கு நடுவுல ஒரு வாய்க்கா, மேல நிம்ஃபேயத்துல நதி தெய்வம் கெஸ்ட்ரோஸ் படுத்த மாதிரி சிலை, அதுக்குக் கீழ இருந்து தண்ணி விழுந்து அந்த வாய்க்கா வழியா ஊருக்குள்ள ஓடியிருக்கு. வெயில் ஊருக்கு ரோமன் ஆளு போட்ட ஏசி அது. ஊர் வாசல்ல ரெண்டு வட்டக் கோபுரம் இருக்கும்ல, அதுக்கு உள்பக்க முற்றத்த 2ம் நூற்றாண்டுல எடுத்துக் கட்டினது ப்ளான்சியா மக்னான்னு ஒரு பொம்பள. அங்க அவங்க அப்பாவோட கல்வெட்டுல "ப்ளான்சியா மக்னாவோட அப்பா"ன்னும் அண்ணனோடதுல "ப்ளான்சியா மக்னாவோட அண்ணன்"னும் தான் போட்டிருக்கு, ஆம்பளங்கள பொண்ணு பேர வெச்சு அடையாளம் சொல்லியிருக்காங்க. அத்தைகிட்ட இத சொல்லிப் பாருங்க, அந்த இடத்த விட்டு வரமாட்டாங்க. பையனுக்கு வேற கதை: ஸ்கூல்ல எலிப்ஸ், பரபோலா, ஹைபர்போலான்னு உயிர எடுக்கறாங்கல்ல, அந்த பேருங்கள நிலைக்க வெச்ச அப்போலோனியஸ் இந்த ஊர்க்காரர் தான். திட்டணும்னா அங்கயே நின்னு திட்டிக்கலாம்.

பெர்கேவ முடிச்சுட்டு வெயில் ஏறுற நேரத்துக்கு பக்கத்துலயே குர்ஷுன்லு அருவிக்கு போயிடுங்க, சின்ன அருவி தான், ஆனா பச்சப்பசேல்னு நிழலு. கீழ இறங்க படி இருக்கு, அத்தை மேலயே உக்காந்துக்கட்டும்.

பெர்கேல தோண்டி எடுத்த சிலைங்க நிஜமா இருக்கறது அன்டல்யா மியூசியத்துல. களைச்சுப் போன ஹெர்குலிஸ்னு ஒன்னு இருக்கு, இடுப்புக்குக் கீழ 1980ல பெர்கேல கிடைச்சுது, மேல்பாதி அமெரிக்கால பாஸ்டன் மியூசியத்துல இருந்துச்சு, வருஷக்கணக்கா இழுத்து 2011ல தான் திரும்பி வந்து ஒட்டினாங்க. மியூசியத்துல கட்டட வேலை ஓடுது, அதனால திறந்திருக்கான்னு கிளம்பறதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துக்கங்க.

ஆஸ்பெண்டோஸும் சிதேவும் அடுத்த நாள். ஆஸ்பெண்டோஸ் தியேட்டர் (ரோமன் காலத்து திறந்தவெளி நாடக அரங்கு) பத்தி நெட்டுல எல்லாரும் எழுதிட்டாங்க, மேடைச் சுவரு முழு உயரத்துக்கு அப்படியே நிக்கிது, செல்ஜுக் சுல்தான் அத அரண்மனையா பயன்படுத்தினதால தான் தப்பிச்சுதுன்னு சொல்லுவாங்க, சுவத்துல அந்த காலத்து சிவப்பு ஜிக்ஜாக் பெயிண்ட் தடம் இன்னும் தெரியும். பார்க்கிங்லேர்ந்து பத்தடி, அத்தைக்கு கஷ்டமில்ல. ஆனா எல்லாரும் தியேட்டர மட்டும் பாத்துட்டு பஸ் ஏறிடுவாங்க, நீங்க கொஞ்சம் வடக்க வண்டிய விட்டு நீர்ப்பாலத்த பாருங்க. பள்ளத்த தாண்ட தண்ணிய குழாய்க்குள்ள அழுத்தத்துல ஏத்தி இறக்கியிருக்காங்க, அதுக்குன்னு நட்டுக்க நிக்கிற ரெண்டு கோபுரம் வயலுக்கு நடுவுல, பெரும்பாலும் ஆளே இருக்காது. சாயங்காலத்துக்கு சிதே, கடலோரம் அப்போலோ கோயில் தூண்கள், பக்கத்துலயே பையன் குதிக்க பீச். பழைய ஊருக்குள்ள கார விடமாட்டாங்க, வெளிய நிறுத்திட்டு நடக்கணும்.

மானவ்காட் அருவி விட்டுப் போனா ஒன்னும் குறைஞ்சு போகாது. அகலம் ஜாஸ்தி, உயரம் ரொம்ப கம்மி.


யாழ்க்கடலோடி:

வணக்கம் தங்கச்சி. நாங்கள் ஜேர்மனியில இருக்கிறம், இஞ்சயிருந்து பிளேன் டிக்கெட் மலிவு எண்டதால அடிக்கடி அந்தப் பக்கம் போறனாங்கள். மேலே தம்பி கிழக்குப் பக்கத்தை வடிவா எழுதிட்டார், ஆனா என்னைக் கேட்டா உங்கட மாதிரிக் குடும்பத்துக்கு மேற்குப் பக்கம்தான் சரி. ஏனெண்டா அங்க இடிபாடும் கடலும் ஒரே இடத்திலதான் கிடக்கு, மனுசன் கல்லைப் பாக்க மகன் நீந்தலாம், ஒருத்தருக்காக மற்ற ஆக்கள் காத்திருக்கத் தேவையில்லை.

ஃபாஸெலிஸ் முதல் போங்கோ. பைன் மரக் காட்டுக்குள்ள பழைய ஊர், மூண்டு துறைமுகம், ஒரு துறையில இருந்து மற்றத் துறைக்கு நேரா ஒரு கல்லுத் தெரு, அவ்வளவுதான். தியேட்டருக்கு ஏறாட்டி மாமிக்குப் படியே இல்லை, முழுக்க நிழல். அலெக்சாண்டர் ஒரு மாரிகாலம் இஞ்ச வந்து தங்கினவராம், கோடையில வந்திருந்தாலும் போக மனம் வந்திராது. வீட்டில இருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போய் அரைநாள் இருங்கோ. பின்னேரத்திலை டூர் வள்ளங்கள் வந்து பாட்டுப் போட்டு அமளி, அதால காலமையே போறது நல்லது.

அதுக்குக் கிட்டவே தக்தாலி மலைக்குக் கேபிள் கார் இருக்கு, 2365 மீற்றர் உயரம், 726 மீற்றர் உயரத்தில இருக்கிற கீழ்த் தரிப்பில இருந்து ஏத்திக்கொண்டு போவினம். மலை ஏறேலாத ஆக்களுக்கு அதைவிட என்ன வேணும். மத்தியானத்துக்குப் பிறகு முகில் மூடினா ஒண்டும் தெரியாது, காசு கட்டமுதல் மேலை பாருங்கோ. மேல நல்ல குளிர், மே மாசம் எண்டாலும் மாமிக்கு ஒரு ஸ்வெட்டர் கொண்டு போங்கோ.

பின்னேரம் ஒலிம்போஸுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் சிராலிக்கு இறங்கினா யானார்தாஷ். பாறை வெடிப்புக்குள்ளால நெருப்பு தன்பாட்டில எரியும், மீத்தேன் வாயு, மழையிலயும் எரியுமாம், பழைய கிரேக்கக் கதையில வாற கிமேரா எண்ட மிருகம் இதுதான் எண்டு சொல்லுவினம். கீழ ஹெபைஸ்டோஸ் கோயில் அத்திவாரமும் கிடக்கு. இருட்டினாப் பிறகுதான் வடிவு, டோர்ச் கட்டாயம். ஆனா இது முழுக்கப் படி, அரை மணித்தியாலம் ஏத்தம், மாமியை நீங்கள் சிராலி கடற்கரையில தேத்தண்ணிக் கடையில இருத்திப்போட்டு ஆம்பிளையளை அனுப்புங்கோ. அந்தக் கடற்கரையில ஆமை முட்டையிடுற காலம் அது, இருட்டில மணலுக்குள்ள லைட் அடிச்சுக்கொண்டு திரியவேண்டாம்.

டெம்ரே தூரம், ரெண்டரை மணித்தியாலம், ஃபினிகே தாண்டினா ரோட்டு கடலோரமா நல்லா வளைஞ்சு வளைஞ்சு போகும், தலைசுத்து வாற ஆக்களுக்குக் குளிசை குடுங்கோ. ஆனா மிராவில அந்த மலையில வெட்டின கல்லறையளைப் பாக்க ஒரு படியும் ஏறத் தேவையில்லை, கீழ நிண்டே பாக்கலாம், வீட்டு முகப்பு மாதிரியே மரச்சட்டம் கதவு எல்லாம் கல்லில செதுக்கியிருக்கினம். பக்கத்திலதான் செயின்ற் நிக்கொலஸ் தேவாலயம், கிறிஸ்மஸ் தாத்தா எண்டு உலகம் சொல்லுறவர் 4ம் நூற்றாண்டில இஞ்ச பிஷப்பா இருந்தவர். 1087ல இத்தாலியில பாரியில இருந்து ஆக்கள் வந்து எலும்பை எடுத்துக்கொண்டு போட்டினம். பிறகு கெகோவாவுக்கு வள்ளம். நிலநடுக்கத்தில தாண்ட ஊர், தண்ணிக்கு அடியில சுவரும் படியும் தெரியும், அதுக்கு மேல நீந்தக் கூடாது, தடை. வேற குடாவில நிப்பாட்டுவினம், மகன் அங்க குதிக்கட்டும்.


பாறைக்கால்:

எல்லாரும் அத்தைய மட்டும் நினைச்சு எழுதறீங்க, தெர்மெஸ்ஸோஸ ஒருத்தரும் சொல்லல, அநியாயம்.

அன்டல்யாலேர்ந்து 30 கிலோமீட்டர் சொச்சம், குல்லுக் மலை நேஷனல் பார்க்குக்குள்ள. கேட்லேர்ந்து மேல பார்க்கிங் வரைக்கும் ஒம்போது கிலோமீட்டர், பஸ் கிடையாது, கார் இல்லனா டாக்சிய காத்திருக்க சொல்லி பேசிக்கணும். அங்கேர்ந்து ஏத்தம் தான். அலெக்சாண்டர் கிமு 333ல வந்து பாத்துட்டு இத பிடிக்காமயே போயிட்டார், மேல போயி நின்னீங்கனா ஏன்னு புரியும். இன்னிக்கு வரைக்கும் பெருசா தோண்டவே இல்ல, பூகம்பத்துல விழுந்தது விழுந்தபடி, மரம் கல்லுக்கு நடுவுல முளைச்சு கிடக்கு, கல்லறை மேடுல மூடி திறந்த சவப்பெட்டிங்க மலைச்சரிவு பூரா உருண்டு கிடக்கும். பையன் "உடைஞ்ச தூண்"ன்றான்ல, அவன இங்க கூட்டிட்டு வாங்க, கயிறு கட்டி இத தொடாத அத தொடாதன்னு சொல்ல ஆள் கிடையாது, அவனே கண்டுபிடிச்ச மாதிரி சுத்துவான். தியேட்டர் ஆயிரம் மீட்டருக்கு மேல, பார்வையாளர் வரிசைக்குப் பக்கத்துலயே பள்ளத்தாக்கு.

அல்கேட்டாஸ்னு ஒரு தளபதி கதையும் சொல்லுங்க. அலெக்சாண்டர் செத்த பிறகு தளபதிங்களுக்குள்ள அடிதடி, இவன் தோத்து இங்க அடைக்கலம் வந்தான், துரத்திட்டு வந்த ஆன்டிகோனஸ் கிமு 319ல கீழ படையோட நிக்கிறான். ஊர்ப் பெருசுங்க ரகசியமா இவன பிடிச்சுக் குடுத்துடலாம்னு பேசிட்டாங்க, இளவட்டங்க மாட்டவே மாட்டோம்னாங்க. பெருசுங்க பசங்கள சண்டைக்குன்னு வெளிய அனுப்பிட்டு இவன பிடிக்கப் போக, இவன் தானே உயிர விட்டுட்டான், உடம்ப மட்டும் குடுத்தாங்க. திரும்பி வந்த பசங்க கோவத்துல ஊரையே கொளுத்தப் போயிட்டாங்களாம், கடைசில உடம்ப மீட்டுட்டு வந்து மரியாதையா அடக்கம் பண்ணாங்க. பாறைல குதிரை வீரன் செதுக்கின கல்லறை அவனோடதுன்னு சொல்றாங்க, தேடிப் போயி பாருங்க.

மேல கடை எதுவும் இல்ல. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, கிரிப் இருக்கற ஷூ, காலைல சீக்கிரம். அன்னிக்கு நீங்களும் அத்தையும் காலெய்ச்சில ரெஸ்ட் எடுங்க, துறைமுகத்துலேர்ந்து போட் ஏறுனா கீழ் டுடென் அருவி 40 மீட்டர்லேர்ந்து நேரா கடல்ல விழறத உக்காந்த இடத்துலேர்ந்தே பாக்கலாம். எல்லாரும் எப்பவும் ஒன்னாவே போகணும்னு சட்டமா என்ன?

இன்னொன்னு, பையனுக்கு தண்ணி வேணும்னா கோப்ருலு கான்யன்ல ராஃப்டிங், புதுசா பண்றவங்களும் பண்ணலாம். அந்த ஆறு கோப்ருசாய், பழைய பேரு யூரிமெடான், அதே ஆறு தான் கீழ ஆஸ்பெண்டோஸ் பக்கம் போகுது, அது கிட்ட தான் கிமு 466 வாக்குல ஏதென்ஸ்காரன் கிமோன் பெர்சியக் கப்பற்படைய நொறுக்கினான். மேல செல்கேன்னு ஒரு ஊர், இடிபாட்டுக்குள்ளயே இப்பவும் மக்கள் குடியிருக்காங்க, தியேட்டருக்குப் பக்கத்துல ஆடு மேயும். அவர் செல்கே, பையன் ராஃப்டிங், ரெண்டும் ஒரே ரோடு.


நிதானம்:

பாமுக்கலே பத்தி யாரும் வாயத் திறக்கல. ஒரு வழி கிட்டத்தட்ட 240 கிமீ, மூணு மூன்றரை மணி நேரம், போக வர ஏழு மணி நேரம் உக்காந்தே இருக்கணும். டூர்னா விடியறதுக்கு முன்ன எழுப்புவாங்க, நடுவுல தோல் கடை, நகைக் கடைன்னு வேற இறக்கி விடுவாங்க, நாங்க போனப்ப தளத்துல இருந்த நேரமும் கடைல இருந்த நேரமும் ஏறக்கொறைய ஒன்னு. வெள்ளைப் படிக்கட்டு மேல செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால்ல நடக்கணும், சில இடம் வழுக்கும், சில இடம் குத்தும், முட்டி வலிக்காரங்களுக்கு கஷ்டம். போட்டோல பாக்குற மாதிரி எல்லாத் தொட்டிலயும் தண்ணி இருக்காது, மாத்தி மாத்தி தான் விடுவாங்க. அங்க ஒரு ராத்திரி தங்கினா போங்க, இல்லனா விடுங்க.


தூண்பைத்தியம்:

@நிதானம் பாதி ஒத்துக்கறேன். ஆனா அந்த வெள்ளைப் படிக்கட்டுக்கு மேல இருக்க பழைய ஊர் ஹியெராபோலிஸ விட்டுட்டீங்களே, புளூட்டோனியன்னு ஒரு குகை வாசல் இருக்கு, பூமிக்கு அடிலேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வந்து தரையோட தங்கும், அந்த காலத்துல மாட்ட உள்ள விட்டா சுருண்டு விழும், பூசாரி மட்டும் நின்னுகிட்டே வெளிய வருவார். சாமி சக்தின்னு ஜனம் கும்பிட்டிருக்கு. இதுக்காகவே ஒரு ராத்திரி தங்கலாம். ஒரே நாள்ல வேண்டாம்ன்றதுல மட்டும் நானும் உங்க கட்சி.

அவருக்கு இன்னும் கல்லு வேணும்னா பாமுக்கலேவுக்குப் பதிலா சகலஸ்ஸோஸ் சொல்லுங்க, அன்டல்யாக்கு வடக்க 110 கிமீ வாக்குல, புர்துர் பக்கம் மலை மேல. பெல்ஜியத்து லூவன் யுனிவர்சிட்டி ஆளுங்க 1990லேர்ந்து தோண்டி, அன்டோனைன் நிம்ஃபேயத்த திரும்ப எடுத்து நிறுத்தி, பழையபடி தண்ணியும் விழ வெச்சிருக்காங்க. கூட்டமே இருக்காது.


வெயில்குடை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. அவர்கிட்ட மொத்தத்தையும் படிச்சுக் காட்டினேன், பாமுக்கலே லிஸ்ட்லேர்ந்து அடிச்சாச்சு, அந்த இடத்துல சகலஸ்ஸோஸ ஏத்திட்டார், அது வேற விஷயம். இப்போதைக்கு ஃபாஸெலிஸ் + கேபிள் கார் + சிராலி ஒரு நாள், பெர்கே + குர்ஷுன்லு ஒரு நாள், டெம்ரே ஒரு நாள், அப்பாவும் பையனும் மட்டும் தெர்மெஸ்ஸோஸ். ஆஸ்பெண்டோஸ் + சிதேவா, கோப்ருலு + செல்கேவான்னு அப்பனும் மகனும் அடிச்சுக்கட்டும்.

@யாழ்க்கடலோடி அக்கா, தேத்தண்ணிக் கடை ஐடியா அத்தைக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. அவங்களுக்கு சைவ சாப்பாடு என்ன கிடைக்கும்? அப்புறம் கார் மொத்த வாரத்துக்கும் எடுக்கணுமா?


யாழ்க்கடலோடி:

சாப்பாட்டுக்குப் பயப்பிடாதேங்கோ. எல்லா இடத்திலையும் ரோட்டோரத்தில பொம்பிளையள் இருந்து கோஸ்லெமே சுடுவினம், மெல்லிய ரொட்டிக்குள்ள கீரை, உருளைக்கிழங்கு, சீஸ், கண்ணுக்கு முன்னாலேயே செய்து தருவினம். பருப்பு சூப் மெர்ஜிமெக் எண்டு கேளுங்கோ, ஆனா சில கடையில எலும்புத் தண்ணியில வைப்பினம், கேட்டுப்போட்டு வாங்குங்கோ. அன்டல்யாவில பியாஸ் எண்டு வெள்ளை அவரைக்கு எள்ளு அரைச்சு விட்டுத் தருவினம், நல்ல ருசி, மேல முட்டை வைப்பினம், வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஐரான் எங்கட மோர்தான்.


பாறைக்கால்:

முழு வாரத்துக்கு கார் வேணாம், காலெய்ச்சிக்குள்ள நிறுத்த இடமே கிடையாது, வாடகை தான் தண்டம். பெர்கே, டுடென் எல்லாம் ட்ராம், பஸ், டாக்சியிலயே முடியும். டெம்ரே, சிராலி, தெர்மெஸ்ஸோஸ், சகலஸ்ஸோஸ் நாலையும் அடுத்தடுத்த நாள்ல வெச்சு அதுக்கு மட்டும் எடுங்க. வலது பக்க ட்ரைவிங், இன்டர்நேஷனல் பெர்மிட் கைல இருக்கட்டும், ஆட்டோமேட்டிக் வேணும்னா முன்னாடியே புக் பண்ணணும்.

ஒரு நாள் கார் கிடைக்கலனா பஸ் நிலையம் ஒட்டோகார்லேர்ந்து மினிபஸ் இருக்கு, ஒலிம்போஸ் பக்கம் போறது ஹைவே ஜங்ஷன்ல இறக்கி விட்டுடும், கீழ கடலுக்கு இறங்க வேற வண்டி பிடிக்கணும். இறங்கும்போதே ட்ரைவர்கிட்ட கடைசி வண்டி எத்தன மணிக்குன்னு கேட்டு வெச்சுக்கங்க, யானார்தாஷ் நெருப்ப இருட்டுல பாத்துட்டு வந்தா பெரும்பாலும் பஸ் இருக்காது. சின்ன வண்டிங்கள்ல லிரா சில்லறை தான் சுலபம். டிக்கெட் விலை வெளிநாட்டுக்காரங்களுக்கு யூரோ கணக்குல, இத்தன இடம் போறீங்கனா மியூசியம் பாஸ் வாங்கறது லாபமா இருக்கலாம், உங்க லிஸ்ட்ல எதெல்லாம் அதுல வருதுன்னு முதல் தளத்து கவுன்டர்லயே கேட்டுட்டு வாங்குங்க.